காசைத் தேய்க்காதேங்கோ: பழைய நாணயங்களின் தரமும் வன்னியும்

பழைய காசு பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எங்கட பக்கத்தில ரெண்டு கேள்விதான் வரும். ஒண்டு, "இது எந்தக் காலத்துக் காசு?" மற்றது, "இது எவ்வளவு போகும்?" முதல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டாலும் ரெண்டாவதுக்கு எல்லாரிட்டையும் ஒரு பதில் இருக்கு. முகநூலில ஆரோ போட்ட பதிவு, வட்ஸ்அப்பில வந்த வீடியோ, கொழும்பில ஒருத்தர் இலட்சக்கணக்கில வாங்கினவராம் எண்ட கதை. "இது எங்கே கிடைத்தது?" என்ற மூன்றாவது கேள்வியை மட்டும் அநேகமாக ஒருத்தரும் கேட்கிறதில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ரெண்டு விஷயம். சேகரிப்பாளர்கள் ஒரு காசின் தரத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வன்னியில இருக்கிற நாங்கள் கட்டாயம் படிக்கவேணும். அதேநேரம், அந்தத் தரம்தான் காசின் பெறுமதி எண்டு நம்பக்கூடாது. முதலாவதைப் படிக்காவிட்டால் வியாபாரியிட்ட ஏமாறுவம், கையில இருக்கிற காசையும் நாங்களே பழுதாக்குவம். ரெண்டாவதை மறந்தால் எங்கட மண்ணில கிடைச்ச சான்றை எங்கட கையாலயே அழிச்சுப் போடுவம்.

"குட்" எண்டால் நல்லதில்லை

தரம் பார்ப்பதற்கு ஒரு சொல்வரிசை இருக்கு. பிரித்தானிய வழக்கில் கீழே இருந்து மேலே போனால் புவர், பெயார், குட், வெரி குட், பைன், வெரி பைன், எக்ஸ்ட்ரீம்லி பைன், அன்சேர்குலேட்டட். இதில முதல் பாடமே சொற்களை நம்பக்கூடாது என்பதுதான். "குட்" என்று போட்டிருக்கும் காசு பார்க்க நல்லாயிருக்காது. உருவத்தின் வெளிக்கோடு மட்டும் தெரியும், எழுத்தை ஒருமாதிரி வாசிக்கலாம், மற்றதெல்லாம் தேய்ந்து போயிருக்கும். "பைன்" என்றாலும் நடுத்தரம்தான். ஆரும் உங்களுக்கு "குட் கொண்டிஷன்" எண்டு சொல்லிக் காசு விக்க வந்தால், அவர் பேச்சுவழக்கில சொல்லுறாரா, தரவரிசையில சொல்லுறாரா எண்டு முதல்ல கேளுங்கோ. ரெண்டுக்கும் இடையில விலை கனக்க மாறும்.

எங்கட வீடுகளில கிடைக்கக்கூடிய ஒரு காசை வைத்தே பார்ப்பம். விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த 1870ஆம் ஆண்டு இலங்கை ஒரு சதம். மறுபக்கத்தில் ஒரு மரம். எங்கட ஆக்கள் அதைப் பனை எண்டு நினைக்கிறது வழக்கம், ஆனால் அது தாளிப்பனை. மரத்துக்குப் பக்கத்தில் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி இருக்கும்.

இந்தக் காசு கைமாறிக் கைமாறிப் போகும்போது எல்லா இடமும் ஒரே அளவில் தேயாது. மேடான இடம்தான் முதலில் தேயும். ராணியின் காதுக்கு மேலுள்ள தலைமுடி, புருவத்துக்குப் பக்கம், கன்னம். மறுபக்கத்தில் ஓலைகளின் மெல்லிய கோடுகள். அதனால் தரம் பார்க்கத் தெரிந்தவர் முழுக் காசையும் ஒரேயடியாகப் பார்க்கமாட்டார். நேரே அந்த மேடுகளுக்குத்தான் கண் போகும். முடியிழைகள் தனித்தனியாகத் தெரிகிறதா? அப்படியென்றால் மேல்தரம். இழைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டனவா? நடுத்தரம். தலையே ஒரு வழுவழுப்பான மேடாகிவிட்டதா? கீழ்த்தரம். சுற்றியுள்ள எழுத்துகளை விளிம்பு கொஞ்சம் காப்பாற்றுவதால் அவை கடைசியாகத்தான் போகும்.

அடுத்தது பளபளப்பு. அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவில் இருந்து வெளிப்பக்கமாக நகரும். அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை மேற்பரப்பில் விட்டுவிடும். புழக்கத்துக்குப் போகாத காசை விளக்கின் கீழே பிடித்து மெல்லச் சரித்துப் பாருங்கோ. வெளிச்சம் வண்டிச்சில்லின் ஆரைக்கால்கள் சுத்துற மாதிரிச் சுத்தும். பொலிஷ் போட்ட காசும் மினுங்கும், ஆனால் சுத்தாது. ஒரே இடத்தில கண்ணாடி மாதிரி மினுங்கும், கிட்டப் பார்த்தால் மயிரளவு கீறல்கள் ஒரே திசையில் ஓடும். இந்த வித்தியாசத்தைப் படிக்க ஒரு மேசைவிளக்கும் ஒரு சின்ன லென்சும் போதும், பட்டப்படிப்பு தேவையில்லை.

மூன்றாவது, தேய்வுக்கும் மெலிந்த அச்சுக்கும் உள்ள வித்தியாசம். சில காசுகள் பிறக்கும்போதே அரைகுறையாகப் பிறந்தவை. அச்சு சரியாக அழுத்தாமல் விட்டதால் நடுப்பகுதி தட்டையாக இருக்கும். அதைத் தேய்வு என்று நினைத்து ஒரு நல்ல காசைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களும் உண்டு, தெரிந்துகொண்டே குறைத்துச் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு. தேய்ந்த இடம் வழுவழுப்பாக இருக்கும், பளபளப்பு போயிருக்கும். அச்சு விழாத இடத்தில் பழைய உலோகத் தகட்டின் சொரசொரப்பு அப்படியே மிச்சம் இருக்கும்.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தரை ஏமாத்துறது கஷ்டம். "தம்பி, இது தேய்ஞ்ச காசு, நூறு ரூபா தாறன்" எண்டு சொல்லுற வியாபாரியிட்ட "எந்த இடத்தில தேய்ஞ்சிருக்கு எண்டு காட்டுங்கோ அண்ணை" எண்டு கேட்கலாம். மறுபக்கமும் இருக்கு. 1940களின் ஒரு சதங்களைக் கோடீஸ்வரக் கனவோடு பேணியில் பூட்டி வைத்திருக்கிற ஆக்களுக்கு, அவை ஏராளமாக அடிக்கப்பட்டவை, தேய்ந்த நிலையில் பெரிய விலை போகாது எண்டும் சொல்லலாம். தரம், எத்தனை காசு மிச்சமிருக்கு என்ற அருமை, எத்தனை பேர் தேடுகினம் என்ற கேள்வி, இந்த மூன்றும் சேர்ந்துதான் சந்தை விலை. வயது அதில ஒரு சின்னப் பங்குதான். பழைய காசுக்கு இலட்சம் தாறம், முதலில பதிவுக் கட்டணம் அனுப்புங்கோ எண்டு வாறவையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இந்தியாவில் மத்திய ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டு இப்படி ஏமாற்றினதால் 2021 ஓகஸ்டில் அந்த வங்கி வெளிப்படையாக எச்சரிக்கை விட்டது.

பழப்புளி, பிராசோ, கடற்காற்று

தரம் பார்க்கப் படித்தவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்ளும் ஒரு விதி உண்டென்றால் அது இதுதான்: காசைத் தேய்த்துக் கழுவாதே.

எங்கட வீடுகளில நடக்கிறது நேர்மாறு. பழைய செப்புக்காசு ஒண்டு அம்பிட்டால் அடுத்த நிமிஷம் பழப்புளி வரும். இல்லாட்டித் தேசிக்காய், சாம்பல், பற்பசை, பிராசோ. குத்துவிளக்கு மினுக்குற அதே பழக்கம். விளக்குக்கு அது சரி. விளக்கில உருவத்தின் உயரம் ஒரு மயிரளவு குறைந்தால் ஒண்டும் நடக்காது. காசில இருக்கிற முழுத் தகவலும் அந்த மயிரளவு உயரத்துக்குள்ளதான். அமிலம் அதைத்தான் முதலில் தின்னும்.

செம்பில நூறு வருஷமாகப் படியிற கபிலமோ கரும்பச்சையோ அழுக்கில்லை. அது உலோகமே காற்றோடும் மண்ணோடும் சேர்ந்து உருவாக்கின தோல். கெட்டியாக, ஒரே சீராக இருந்தால் அது உள்ளே இருக்கிற செம்பைக் காப்பாத்தும். அதை உரிச்செடுத்தால் இளஞ்சிவப்பாக ஒரு பச்சைச் செம்பு தெரியும். சேகரிப்பாளர் ஒருத்தர் அதைப் பார்த்த உடனே "கழுவினது" எண்டு ஒதுக்கிவிடுவார். தரம் போடுகிற நிறுவனங்கள் அப்படியான காசுக்கு எண் கொடுக்காமல், உருவம் இவ்வளவு இருக்கு, ஆனால் பழுதாக்கப்பட்டது என்று மட்டும் எழுதிவிடும். உரிச்ச தோலை ஆராலும் திருப்பி ஒட்ட ஏலாது.

இதில ஒரு விலக்கும் இருக்கு, முல்லைத்தீவுக் கரையோர ஆக்களுக்கு அது முக்கியம். கரும்பச்சைக்குப் பதிலாக வெளிர்பச்சையில், தொட்டால் மாவு மாதிரி உதிர்கிற புள்ளிகள் வந்தால் அது வேறை கதை. உப்பில இருக்கிற குளோரைட்டும் ஈரமும் சேர்ந்து செம்பையும் வெண்கலத்தையும் அரிக்கிற நோய் அது. அப்படியே விட்டால் புள்ளி பெருத்துப் பெருத்துக் காசைத் துளைச்சுப்போடும். கடலோர மண்ணில கிடந்த காசுக்கும், கடற்காற்றுப் படுகிற வீட்டில வைச்ச காசுக்கும் இது இலகுவாக வரும். இதுக்கும் மருந்து பழப்புளி இல்லை. மற்றக் காசுகளில இருந்து பிரிச்சு, ஈரமில்லாத இடத்தில வைச்சு, தெரிஞ்ச ஒருத்தரிட்டக் காட்டவேணும். மெதுவான பிளாஸ்டிக் உறைகளும் வேண்டாம். அவற்றில் சில வகைகள் காலப்போக்கில் பிசுபிசுப்பாக ஒரு பச்சைச் சாயத்தைக் காசில விட்டுவிடும். அமிலமில்லாத கடதாசி உறை நல்லம்.

"அப்ப ஒரு காலமும் சுத்தம் செய்யக்கூடாதோ?" எண்டு கேட்பீங்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி ஒரு பழைய செப்புக்காசைக் கவனமாகச் சுத்தம் செய்தபோதுதான் அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் "பெருவழுதி" என்ற பெயர் தெரிந்தது. குதிரை உருவம் கொண்ட, சங்ககாலப் பாண்டியருடைய காசு அது. சங்க இலக்கியத்தில் மட்டும் இருந்த வழுதி என்ற பெயர் உலோகத்தில் கிடைத்தது. சுத்தம் செய்திராவிட்டால் அது ஒரு மண்கட்டி. ஆனால் அவர் செய்ததுக்கும் நாங்கள் அடுப்படியில் செய்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. எதை எடுக்கிறோம், எதை விடுகிறோம் என்று தெரிந்து, மேலே படிந்த மண்ணை மட்டும் மெல்ல மெல்ல எடுப்பது ஒரு வேலை. மினுக்கம் வரும்வரைக்கும் உரஞ்சுறது வேறை வேலை.

ஒரு எண் போதுமா?

இனி மறுபக்கத்துக்கு வாறன். இன்றைக்கு உலகச் சந்தையில் தரம் என்பது ஒரு எண். 1 இலிருந்து 70 வரை. இதை 1949இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர் தன்னுடைய நூலில் முன்வைத்தார். அது உலகக் காசுகளுக்காகச் செய்த அளவுகோல் இல்லை. அமெரிக்காவின் ஆரம்பகாலப் பெரிய செப்புச் சதங்களுக்காக மட்டும் செய்தது. அவருடைய கணக்கும் எளிமையானது. ஆகத் தேய்ந்த காசு ஒரு டொலர் என்றால் ஆக நல்ல காசு 70 டொலர் போகும், ஆகவே அதன் தரம் 70. அதாவது அந்த எண் பிறக்கும்போதே விலைக் கணக்காகத்தான் பிறந்தது. விலைகள் பிறகு எங்கேயோ போய்விட்டன, எண் மட்டும் மிச்சம். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் தரம் போடும் நிறுவனங்கள் தொடங்கின. காசைப் பார்த்து எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே மூடி முத்திரை வைத்துக் கொடுக்கிற முறை அப்படித்தான் பரவினது.

ஷெல்டனைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்திருக்கவேணும். அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்த தரமான சதங்களை எடுத்துக்கொண்டு, அதே வகையில் குறைந்த தரக் காசுகளை அந்த இடத்தில் வைத்துவிட்டார் என்பது பின்னாளில் வெளிவந்தது. தரம் பார்க்க உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அறிவை அப்படியும் பாவித்திருக்கிறார். எப்படிப் பிடிபட்டது? அந்தச் சேகரிப்பின் காசுகளைப் பழைய காலத்தில் எடுத்து வைத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டு. ஒவ்வொரு பழைய காசிலும் அதற்கென்று ஒரு கீறல், ஒரு அடி, ஒரு புள்ளி இருக்கும். நல்ல படம் ஒன்று இருந்தால் அது கைரேகை மாதிரி. இதை நினைவில் வைச்சிருங்கோ, பிறகு தேவைப்படும்.

எண்ணின் மற்றப் பிரச்சினை, அது மனிசர் போடுகிற எண். ஒரே காசைப் பெட்டியை உடைத்துத் திருப்பி அனுப்பினால் வேறை எண் வரலாம். இதையே ஒரு தொழிலாகச் செய்கிறவர்களும் இருக்கினம். உயர்தரங்களில் ஒரு எண் கூடினாலே விலை பலமடங்கு கூடும் என்பதால் அதில லாபம் இருக்கு.

எங்களுக்கு முக்கியமான பிரச்சினை வேறை. இயந்திரத்தில் ஒரே மாதிரி அடித்த காசுக்காகச் செய்த அளவுகோலைக் கையால் அடித்த காசுக்குப் பாவிக்கலாமா? யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் சேதுக்காசை எடுங்கோ. பெரும்பாலானவற்றில் ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் "சேது". செம்புத் துண்டை அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்தது. பல காசுகளில் அச்சு பெரிது, செம்புத் துண்டு சின்னது. அதனால் ஒன்றில் நந்தியின் தலை இருக்கும், "சேது"வின் பாதி வெளியே போயிருக்கும். இன்னொன்றில் எழுத்து முழுசாக விழுந்திருக்கும், பிறை இருக்காது. இது தேய்வில்லை. அச்சுக்கூடத்தில் இருந்து வந்த அன்றைக்கே அது அப்படித்தான். "எழுத்துப் பாதி இல்லை, ஆகவே பாதி விலை" எண்டு சொல்லுறவருக்கு அந்தக் காசு எப்படிச் செய்யப்பட்டது எண்டே தெரியாது.

நிறுவனங்களுக்கும் இது விளங்காமல் இல்லை. பண்டைய காசுகளுக்குத் தரம் போடும்போது தேய்வை ஒரு தரமாகவும், அச்சு எவ்வளவு நல்லா விழுந்திருக்கு, மேற்பரப்பு எப்படி இருக்கு என்பவற்றை 5க்கு இத்தனை என்று தனித்தனியாகவும் போடுகிற முறை இப்ப இருக்கு. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தப் பெட்டியின் சீட்டில் ஒரு வரி இன்னும் இல்லை. இந்தக் காசு எந்த ஊரில், எந்த மண்ணில், எதோடு சேர்ந்து கிடந்தது என்ற வரி.

எங்கே கிடைத்தது?

அந்த வரி ஏன் முக்கியம்? சேதுக்காசின் கதையே அதுக்கு உதாரணம். "சேது" என்ற சொல்லை வைத்து அவற்றை ராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசு என்று சொன்னவர்களும் இருந்தார்கள். யாழ்ப்பாண அரசர்களுடையது என்ற முடிவுக்கு வர உதவிய சான்றுகளில் ஒன்று கேகாலைப் பக்கம் கொட்டகமவில் இருக்கிற ஆரியச்சக்கரவர்த்தியின் தமிழ்க் கல்வெட்டு, அதிலும் "சேது" என்ற சொல் இருக்கு. இன்னொன்று இந்தக் காசுகள் இலங்கையின் வடபகுதியில் இவ்வளவு கிடைத்திருக்கின்றன என்ற எளிமையான உண்மை. அந்தக் காசுகள் தேய்ந்திருந்தாலும், அரிச்சிருந்தாலும் அந்தச் சான்றின் பலம் குறையாது. ஆனால் கிடைத்த இடம் ஆருக்கும் தெரியாமல், மினுக்கி, கொழும்பில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள்ளே இருக்கிற ஆகத் தரமான சேதுக்காசு அந்த வாதத்தில ஒண்டும் சொல்லாது.

வன்னிக்கு இன்னும் கிட்ட வருவம். 1800களின் தொடக்கத்தில் பிரித்தானியர் இங்கே யானை உருவம் பொறித்த தடித்த செப்புக்காசுகளை வெளியிட்டார்கள். யானைக்குக் கீழே ஆண்டு இருக்கும். 1803 என்ற ஆண்டோடும் காசுகள் உண்டு. 1803 எங்களுக்கு என்ன ஆண்டு எண்டு சொல்லத் தேவையில்லை. பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கின ஆண்டு, பிறகு கற்சிலைமடுவில் தோற்ற ஆண்டு. அந்த ஆண்டுக் காசு ஒண்டு ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு தோட்டத்தில கொத்தேக்க வருகிறது எண்டு வைப்பம். யானை பாதி தேய்ந்திருக்கு, ஒரு பக்கம் துளை. சந்தையில் அது ஒரு சாதாரண "குட்". ஆனால் பிரித்தானியக் காசு எவ்வளவு கெதியில வன்னிக்குள்ள புழங்கத் தொடங்கினது, எந்தப் பாதையில வந்தது, கோட்டைக்கு வெளியில சனம் அதைப் பாவிச்சதோ என்ற கேள்விகளுக்கு அப்படியான பத்துக் காசும் அவை கிடைத்த இடமும் சேர்ந்தால் பதில் சொல்லத் தொடங்கும். தேய்வும் அங்கே ஒரு தகவல்தான். கனக்கத் தேய்ந்திருந்தால் கனகாலம் கைமாறியிருக்கு. புதுசு மாதிரி இருந்தால் கெதியில புதைஞ்சிருக்கு. சந்தைக்குக் குறையாகத் தெரிவது வரலாறு படிக்கிறவருக்கு ஒரு அளவீடு.

துளையும் அப்படித்தான். துளை போட்ட காசு சேகரிப்பாளருக்குப் பழுதான காசு. எங்களுக்கு அது ஒரு பிள்ளையின் அரைஞாண், ஒரு அம்மம்மாவின் கழுத்து. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில முடிஞ்சு வைச்ச காசில துணியின் இழை ஒட்டியிருந்தால் அதையும் உரஞ்சிக் கழுவித்தான் விற்கவேணும் எண்டு சந்தை சொல்லும். நான் சொல்லுறது, அந்த இழைதான் அந்தக் காசின் கதை.

பூநகரிப் பகுதியில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கள ஆய்வு செய்து 1993இல் நூலாக வெளியிட்டதைப் படித்தால் இது இன்னும் விளங்கும். உடைந்த ஓடு, தேய்ந்த காசு, எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டு, இதுகள் எல்லாம் தனித்தனியாக ஏலத்தில ஒண்டுக்கும் போகாத சாமான்கள். எந்த இடத்தில கிடைத்தன எண்டு எழுதி வைத்ததாலதான் அவை ஒரு பிரதேசத்தின் வரலாறாகின.

"பசிக்கிறவன் விப்பான்தானே?"

இதைக் கதைச்சால் வாற எதிர்ப்பேச்சு எனக்குத் தெரியும். "உங்களுக்கென்ன, கம்பஸில இருந்து கதைக்கிறியள். கூலி வேலைக்குப் போறவனுக்கு ஒரு காசு கிடைச்சால் அவன் விப்பான்தானே?" இதை நான் இலேசாகத் தள்ளமாட்டன். யுத்தத்துக்குப் பிறகு பழைய இரும்பும் பித்தளையும் பொறுக்கிக் கிலோக் கணக்கில வித்துச் சீவிச்ச குடும்பங்கள் எங்கட ஊர்களில இருக்கு. அந்தக் குவியல்களுக்குள்ள என்ன என்ன போச்சுது எண்டு ஆருக்கும் தெரியாது. அவையைக் குற்றம் சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை.

சட்டமும் இருக்கு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்தின பொருட்களைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. மண்ணுக்குள்ளே கிடந்து வெளிப்படுகிற அப்படியான பொருள் அரசுக்குச் சொந்தம். அறிவிக்கவேணும், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்ப ஏலாது. புதையல் தோண்டினதுக்காகக் கைதுசெய்யப்பட்ட செய்திகளும் வன்னியில அடிக்கடி வரும். ஆனால் குருந்தூர்மலைக்குப் பிறகு முல்லைத்தீவில "தொல்லியல்" என்ற சொல்லைக் கேட்டால் சனத்துக்கு முதலில வாறது காணி போகும் எண்ட பயம். காசு கிடைச்சதெண்டு சொன்னால் நாளைக்கு வயலுக்குள்ள எல்லைக்கல்லு நடுவினமோ எண்டு யோசிக்கிற ஒரு விவசாயியிட்ட "சட்டப்படி அறிவியுங்கோ" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போறது நேர்மையில்லை. அந்தப் பயத்தின் விளைவு என்னவென்றால் காசு ஒளிக்கப்படும், இடம் பொய்யாகச் சொல்லப்படும், கடைசியில் இடைத்தரகரிட்டப் போகும். எங்கட இருப்புக்கு நாங்கள் காட்டக்கூடிய சான்றை நாங்களே ஊர்பேர் இல்லாமல் ஆக்கி அனுப்புறம். இதில தோற்கிறது ஆர்?

என்னுடைய நிலைப்பாடு இது. காசு கடைசியில் எங்கே போனாலும், அதன் பதிவு எங்களிட்ட இருக்கவேணும். அரசிட்ட ஒப்படைக்கிறதென்றாலும் இருபக்கமும் படமெடுத்து, நிறையை எழுதி, ஒப்படைத்ததுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கவேணும். ஷெல்டன் பிடிபட்டது புகைப்படத்தால எண்டு சொன்னனே, அதே படம் எங்களையும் காப்பாத்தும். பெட்டிக்குள்ளே இருந்து காசு மாறினாலும், "அப்படி ஒண்டு அங்கே கிடைக்கவேயில்லை" எண்டு ஆரும் சொன்னாலும் பதில் சொல்ல ஒரு ஆதாரம் இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில தொல்லியல் படிக்கிற பிள்ளையளும் படிப்பிக்கிறவையும் இருக்கினம். அவையிட்டப் படத்தைக் காட்டுறதுக்குக் காசு செலவில்லை.

தரம் போட ஏலாத காசுகள்

கடைசியாக ஒரு வகைக் காசு. 2005க்குப் பிறகு சில வருஷங்களாக வந்த ஒரு ரூபா, ஐந்து ரூபாக் குத்திகள் பித்தளை நிறத்தில இருந்தாலும் உள்ளே உருக்கு. மேலே மெல்லிய முலாம் மட்டும்தான். ஈரமான உப்புமணலில கிடந்தால் முலாம் வெடிச்சு உள்ளே துருப்பிடிக்கும். எங்கட பக்கத்தில ஒரு அம்மா பால்மாப் பேணிக்குள்ள அப்படி ஒரு கட்டி வைச்சிருக்கிறா. ஆறேழு குத்தி, ஒண்டோடொண்டு துருவால ஒட்டிப்போய். மாத்தளன் பக்கம் பங்கருக்குள்ள புதைச்சிட்டு வந்த ஒரு சின்னப் பையில இருந்து, மீள்குடியேறின பிறகு எடுத்தது. அதில எவ்வளவு ரூபா இருக்கு எண்டு அவவுக்குத் தெரியும். பிரிச்சு எண்ணேல்ல.

எந்தத் தரவரிசையிலும் அதுக்கு இடமில்லை. சுற்றாடலால் பழுதானது என்று எழுதிவிட்டு அடுத்த காசுக்குப் போய்விடுவார்கள். சந்தையில அதன் விலை பூச்சியம். இன்னும் நூறு வருஷத்தில 2009ஐப் படிக்க வாற ஒருத்தருக்கு அதே ஆண்டில அடிச்சு, பெட்டிக்குள்ள மினுங்கிக்கொண்டு இருக்கிற 70 தரக் காசு முக்கியமோ, இந்தத் துருக்கட்டி முக்கியமோ? 70 தரக் காசு அச்சுக்கூடம் எப்படி வேலை செய்தது எண்டு மட்டும் சொல்லும்.

அதனால தரம் பார்க்கிற கலையைக் கைவிடச் சொல்லேல்ல. அது எங்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுகிற கலை. எந்த இடம் தேய்வு, எந்த இடம் அச்சுக் குறை, எது மண்ணின் வேலை, எது பழப்புளியின் வேலை எண்டு பிரிச்சுப் பார்க்க அதுதான் பழக்கும். விற்கிறவையும் ஏமாறாமல் விற்கலாம். ஆனால் எங்கட பதிவேட்டில ஒரு எண்ணுக்குப் பதிலாக ஐந்து வரி இருக்கட்டும்: தேய்வு எப்படி, அச்சு எப்படி, மேற்பரப்பு எப்படி, நிறை எவ்வளவு, எங்கே ஆருக்கு எப்ப கிடைத்தது. பக்கத்தில ஒரு அடிமட்டத்தை வைச்சு எடுத்த ரெண்டு படம். வீட்டுக்காரரின் பெயரைப் போட விருப்பமில்லாட்டிக் கிராமத்தின் பெயராவது போடலாம்.

இதைச் செய்யப் பெரிய நிதி தேவையில்லை. ஒரு பாடசாலையில ஒரு ஆசிரியரும் பத்துப் பெடியள் பெட்டையளும் போதும். அல்லது இதை வாசிக்கிற உங்களில நாலுபேர். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகேக்க வீட்டில கேளுங்கோ, ஆரிட்டையாவது பழைய காசு இருக்கோ எண்டு. இருந்தால் விளிம்பில பிடிச்சுப் பாருங்கோ. எவ்வளவு போகும் எண்டு கேட்க முதல் எங்க கிடைச்சது எண்டு கேட்டு எழுதுங்கோ. அதைச் சொல்லத் தெரிஞ்ச ஆக்கள் எங்கட ஊர்களில வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுகொண்டு போயினம்.